செபப் புத்தகமும் பனங்கருக்கும்

கிறிஸ்தவம் வந்ததால்தான் சேரிப் பெண்ணுக்கு எழுத்து வந்தது என்றொரு பேச்சு நூறு வருசத்துக்கு மேலாக நம் தலைக்கு மேல் நடந்துகொண்டிருக்கிறது. பாதிரிமார் அதைப் பெருமையாகச் சொன்னார்கள். மதமாற்றத்தை எதிர்ப்பவர்கள் அதையே குற்றச்சாட்டாகச் சொன்னார்கள்; எழுத்தைக் காட்டி ஆளைப் பிடித்துவிட்டார்களாம். இரண்டு கட்சியிலும் பேசினவர்கள் அநேகமாக ஆண்கள், அநேகமாக ஊர்த்தெருக்காரர்கள். எழுத்து வந்த பெண்ணைக் கூப்பிட்டு 'ஒனக்கு என்ன வந்துச்சு, என்ன வரல' என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்காமலே ஒருத்தி சொன்னாள். வத்திராயிருப்பை ஒட்டிய வ. புதுப்பட்டியில் பிறந்து, கன்னியர் விடுதியில் தங்கிப் படித்து, கன்னியாஸ்திரியாகவே ஆகி, ஏழு வருசம் கழித்து மடத்தைவிட்டு வெளியே வந்த பாமா. 1992இல் வந்த அவரது 'கருக்கு' அந்தக் கேள்விக்கான பதில் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

'கருக்'கைச் சாதிக் கொடுமைகளின் பட்டியலாக வாசிப்பவர்கள் உண்டு. திருச்சபைக்குள் சாதி என்ற தலைப்பில் வாசிப்பவர்கள் உண்டு. பேச்சுமொழிப் பரிசோதனை என்று சொல்லி மொழியியல் துறைக்கு எடுத்துப் போகிற பேராசிரியர்களும் உண்டு. இருக்கட்டும். சேரிப் பெண்களுக்குத் தாய்மொழியில் எழுத்துச் சொல்லிக்கொடுக்க வந்த ஒரு மதத்தைப் பற்றி, அந்த வகுப்பில் உட்கார்ந்தவளே எழுதிய விமர்சனமாகவும் அது இருக்கிறது. இதைத்தான் நாம் போதுமான அளவு பேசவில்லை. அந்த வகுப்பு அவளுக்கு வாசிக்கக் கொடுத்தது, எழுதக் கொடுக்கவில்லை. தாய்மொழி என்று சொல்லி அது கொடுத்த மொழியும் அவளுடைய தாய் பேசின மொழி இல்லை. கோயில் வராந்தாவில் டியூப்லைட் வெளிச்சத்தில் வேலை முடிந்து வந்த பெண்களை உட்காரவைத்து நடத்துகிற ராத்திரி வகுப்பு எதுவானாலும், எந்த மதத்துக்காரர் நடத்தினாலும், அதை எடைபோட இந்த இரண்டு படிக்கல்லும் வேண்டும்.

முதலில் ஊரின் கிடப்பு. 'கருக்கு' மலைகளையும் கம்மாய்களையும் தெருக்களையும் சொல்லிக்கொண்டுதான் தொடங்குகிறது. எந்தச் சாதித் தெருவுக்கு அடுத்து எந்தச் சாதித் தெரு என்று வரிசையாகச் சொல்லி வருகிற பாமா, தபாலாபீஸ், பஞ்சாயத்து ஆபீஸ், பால் டிப்போ, பெரிய கடைகள், கோயில், பள்ளிக்கூடம் எல்லாமே மேல்சாதிக்காரர் பக்கத்தில் இருந்ததைப் போகிற போக்கில் போட்டுவிடுகிறார். இந்தப் பட்டியலைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கடிதம் வந்து சேருகிற இடம், வரியும் பட்டாவும் பதிவாகிற இடம், ஞானஸ்நானப் பேரேடு இருக்கிற இடம், பிள்ளைகளின் வருகைப் பதிவேடு இருக்கிற இடம். கடைக்காரன் கடன் நோட்டும் அந்தப் பக்கம்தான். நம்ம பெண்களின் பெயர் இத்தனை நோட்டுகளில் எழுதப்பட்டிருந்தது. ஒன்றைக்கூட அவள் எழுதவில்லை, ஒன்றைக்கூட அவளால் வாசித்துச் சரிபார்க்க முடியவில்லை. எழுத்து வேண்டுமென்றால் அவள் தெருவைத் தாண்டிப் போக வேண்டும். அப்படிப் போனால் திறந்திருந்த கதவு கோயில் கதவு ஒன்றுதான். அதனால்தான் இந்தக் கதை சிக்கலானது.

தமிழில் அச்சேறிய முதல் புத்தகமே ஒரு செபப் புத்தகம்தான். அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்', பதினாறே பக்கம். அதற்கு முன்பே 1554இல் லிஸ்பனில் தமிழ்ச் செபங்களை ரோமன் எழுத்தில் அச்சிட்டுவிட்டார்கள். இதெல்லாம் யாருக்காக? முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்காக. தமிழ் அச்சு முதலில் அரண்மனைக்கும் மடத்துக்கும் போகாமல் கடற்கரைக் குடிசைக்குப் போயிருக்கிறது என்பதில் நமக்குக் கொஞ்சம் சந்தோசம் வரலாம், தப்பில்லை. ஆனால் போன விதம் எப்படி? 1542இல் அந்தக் கரைக்கு வந்த சவேரியார் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டினார். தமிழில் பெயர்த்த செபங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் அப்பன் ஆத்தாளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது ஏற்பாடு. புத்தகம் வந்த பிறகும் கத்தோலிக்க ஊர்களில் இந்த முறை வெகுகாலம் மாறவில்லை. புத்தகம் உபதேசியார் கையில் இருந்தது, செபம் பெண்கள் வாயில் இருந்தது.

என்ன செபம், என்ன தமிழ்? சர்வேசுரன், இஷ்டப்பிரசாதம், பிரியதத்தம், ஞானஸ்நானம். 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர், அதாவது நொபிலி, பிராமணத் துறவி வேடத்தில் மேல்சாதிகளைத் தேடிப் போன வழியில் சமஸ்கிருதம் செபத்துக்குள் கெட்டியாக உட்கார்ந்துகொண்டது. அப்புறம் 1640 வாக்கில் நம்மைப் போன்றவர்களுக்கென்று 'பண்டாரச் சாமி'கள் தனியாக ஏற்பட்டார்கள். சாதிக்கொரு சாமியார், ஆனால் செபத்தின் மொழி மட்டும் மேலே இருந்து வந்ததுதான். இது போக, பூசை முழுக்க லத்தீன். இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) கூடிய பிறகுதான் கத்தோலிக்கப் பீடத்தில் தமிழ் ஏறியது. பாமா பிறந்தது 1958இல். அவர் கைக்குழந்தையாக இருந்தபோது புதுப்பட்டிக் கோயிலில் சாமியார் முதுகைக் காட்டிக்கொண்டு லத்தீனில் பூசை வைத்திருப்பார். களையெடுத்துக் கருத்த கைகளோடு பின்னால் தரையில் முழங்காலில் இருந்த பெண்கள் பிரியதத்தம் என்ற சொல்லை உருட்டிக்கொண்டிருந்திருப்பார்கள். பிரியதத்தம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. கேட்டால் சாமியாருக்கும் சுருக்கமாகச் சொல்ல வராது!

நம்ம ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கிழவி உண்டு. 'எழுத்து தெரியாதுய்யா, பாட்டுப் பொஸ்தகம் மட்டும் வாசிப்பேன்' என்பாள். ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை விரித்து வரிக்கு வரி விரலை நகர்த்திப் பாடுவாள். விரல் சரியான வரியில்தான் போகும். பக்கத்தைத் தலைகீழாகத் திருப்பிக் கொடுத்தால் உடனே கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் அதே எழுத்தில் அச்சான ரேசன் கடை நோட்டீசைக் கொடுங்கள், 'கண்ணு தெரியல' என்பாள். இவளுக்கு எழுத்தறிவு உண்டா, இல்லையா? அரசாங்கக் கணக்கில் இல்லை. சபைக் கணக்கில் உண்டு. எனக்கு இவள் மேல் பெரிய மரியாதை இருக்கிறது, காதால் பிடித்த பாட்டைக் கண்ணால் பிடிக்கக் கற்றவள். ஆனால் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். ரேசன் நோட்டீசும் கூலி நோட்டும் ரட்சிப்புக்குத் தேவைப்படவில்லை.

புராட்டஸ்டண்டுகள் வேறு கணக்கு வைத்திருந்தார்கள். வேதத்தைத் தானே வாசிக்காத ஆத்துமா எப்படிக் கரைசேரும் என்பது அவர்கள் கவலை. அதனால் 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க் அடுத்த வருசமே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்துவிட்டார். 1820இல் ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்தார். நம்ம வட்டாரத்தில் 1850களில் ராக்லண்டும் அவர் கூட்டாளிகளும் கூடாரம் போட்டுப் போட்டு சிவகாசி, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கமெல்லாம் சுற்றினார்கள். 1858இல் ராக்லண்ட் சிவகாசியிலேயே செத்தும் போனார். பின்னால் வந்த வேதாகம ஸ்திரீகள் வீடு வீடாகப் போய்ப் பெண்களை எழுத்துக்கூட்டி வாசிக்கவைத்தார்கள். அந்தப் பெண்களிலும் போர்டிங் பள்ளிக்கூடம் வரை போக வாய்த்தவளுக்கு எழுத்தும் வந்தது, டீச்சர் வேலையோ நர்ஸ் வேலையோ வந்தது, ஒரு தலைமுறை மேலே ஏறியது. திண்ணையில் கற்றவளுக்கு வாசிப்போடு முடிந்தது.

இதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் ஊர். ஆழ்வார்களில் ஒரே ஒருத்தி பெண், அவள் செய்த தமிழ் மார்கழி முழுக்க அந்த ஊரில் ஒலிக்கிறது. பெண் தமிழ் செய்தாள் என்று அந்த ஊர் கொண்டாடிய காலத்திலெல்லாம் கோயில் வாசலே நமக்கு அடைத்துத்தான் கிடந்தது. அதைத் திறக்க 1939இல் சட்டம் வேண்டியிருந்தது. அப்படியிருக்க, கூடாரம் போட்டுக்கொண்டு வந்த வெள்ளைக்காரனின் உள்நோக்கம் என்ன என்று இன்றைக்கு ஆராய்ச்சி செய்கிறவர்களைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. உள்நோக்கம் இருந்தது. எழுத்தும் இருந்தது. உள்நோக்கமே இல்லாதவர்கள் நம்ம தெருவுக்கு வந்ததில்லை.

மதம் என்பதாலேயே வகுப்பு கெட்டுவிடும் என்று சொல்ல வரவில்லை என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. 1894இல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர்களுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். 1898இல் அயோத்திதாசர் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' வந்தது. அதுவும் மதம்தான், பௌத்தம். ஆனால் அங்கே வாசகன் சந்தேகம் எழுதி அனுப்புவான், பண்டிதர் பதில் எழுதுவார். கோலார் சுரங்கத்துத் தொழிலாளியும் எழுதுவான். சாக்குக்கட்டி நம்ம கையில் இருந்தபோது வாசித்தவன் எழுதினான். பெண்கள் எத்தனை பேர் எழுதினார்கள் என்று கேட்டால் அங்கேயும் தலை குனியத்தான் வேண்டும். ஆனாலும் முறை வேறு.

இனிப் பிரதிக்கு வருவோம். 'கருக்'கில் மதக்கல்வி எப்படி வருகிறது? மந்திரங்களை மனப்பாடம் பண்ணுவது, ஒப்பிப்பது, தப்பினால் அடி. பேய் வரும், பிசாசு வரும், பாவம் செய்தால் நோட்டில் ஏறும் என்கிற பயமுறுத்தல். பிள்ளை மனசு அதை முழுக்க நம்புகிறது. பக்தியோடு இருக்கிறது. பாமா அந்தப் பக்தியைப் பின்னாளைய புத்தியால் கேலி பண்ணவில்லை, அது எனக்குப் பிடித்திருக்கிறது. திருவிழா, பூசை, பாட்டு எல்லாவற்றிலும் அந்தப் பிள்ளைக்கு இருந்த ருசியை அப்படியே எழுதுகிறார். பிறகு வளர்ந்தவளாகத் திரும்பிப் பார்க்கும்போதுதான் கத்தி வெளியே வருகிறது. இயேசு சாந்தமானவர், பொறுமையானவர், கீழ்ப்படிந்தவர் என்று மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். அநியாயத்தைக் கண்டு கோபப்பட்டவர் என்பதை ஏன் யாரும் அழுத்திச் சொல்லவில்லை என்று கேட்கிறார்.

இந்தக் கேள்வியை இறையியல் கேள்வியாக எடுத்துக்கொண்டு விடுதலை இறையியலாளர்கள் நிறையப் பேசியாகிவிட்டது. நான் இதைப் பாடத்திட்டக் கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன். எழுத்து கற்பிக்கிறவன் எந்தப் பக்கத்தை விரிக்கிறான்? ஒரே விவிலியத்துக்குள் லூக்கா முதல் அதிகாரத்தில் மரியாள் பாடுகிற பாட்டு இருக்கிறது. ஆளுகிறவர்களைக் கீழே இறக்கி ஏழையை மேலே ஏற்றுகிற பாட்டு, பணக்காரனை வெறுங்கையாக வெளியே அனுப்புகிற பாட்டு. பாடுவது வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற ஒரு ஏழைப் பெண். எழுத்துக் கற்கிற கூலிக்காரப் பெண்களுக்கு இதைவிட நல்ல முதல் பாடம் கிடைக்குமா? ஆனால் அவள் வாயில் ஐம்பது முறை போட்டது, தேவதூதன் மரியாளுக்குச் சொன்ன வாழ்த்து. மரியாள் சொன்னது பின்னுக்குப் போய்விட்டது. பெண்ணைப் பார்த்து மேலே இருந்து பேசிய பேச்சு மனப்பாடம், பெண் திறந்து பேசிய பேச்சுக்கு எப்போதாவது ஒரு நாள்.

விடுதியிலும் மடத்திலும் நடந்தவற்றைப் புத்தகம் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தம்பி தங்கைக்குப் புதுநன்மை என்று ஊருக்குப் போக அனுமதி கேட்டால், உங்க சாதியில் அதற்கென்ன பெரிய கொண்டாட்டம் என்று வருகிற பதில். சேரிப் பிள்ளைகள் இங்கே வந்து தின்று கொழுக்கிறார்கள் என்று விடுதிச் சகோதரியின் பேச்சு. தாழ்த்தப்பட்ட பெண்களைச் சில சபைகளில் சேர்ப்பதே இல்லை, அவர்களுக்கென்று எங்கோ தனிச் சபை இருக்கிறது என்று பயிற்சிக் காலத்தில் காதில் விழுகிற சேதி. ஏழைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று மடத்துக்குப் போனவளைப் பணக்காரப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். இந்தக் கடைசி விசயம்தான் நம் பேச்சுக்கு முக்கியம். சேரியிலிருந்து போய் எழுத்தைப் பிடித்தவள் அந்த எழுத்தோடு சேரிக்குத் திரும்ப வர நிறுவனத்தில் வழி இல்லை. எழுத்து மேல்நோக்கி மட்டும் ஓடுகிற வாய்க்காலாக வெட்டப்பட்டிருக்கிறது. அவர் வெளியே வந்த பிறகுதான் அது திரும்பி ஓடியது.

திரும்பி ஓடினபோது எந்த மொழியில் ஓடியது? புதுப்பட்டித் தெருப் பேச்சில். வந்த புதிதில் இதைக் கொச்சை என்று முகம் சுளித்தார்கள். பேச்சுமொழியில் உரையாடல் வரலாம், கதை சொல்லியே அப்படிப் பேசலாமா என்று கேட்டார்கள். கரிசல் எழுத்தாளர்கள் வட்டார வழக்கில் எழுதினபோது மண்வாசனை என்று மோந்து பார்த்த மூக்குகளுக்குச் சேரி வழக்கில் மட்டும் நாத்தம் அடித்திருக்கிறது. நடை பற்றிய சண்டையாகவே இது முடிந்துபோனது. எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. செபப் புத்தகத் தமிழ், பாடப்புத்தகத் தமிழ், மடத்துத் தமிழ் மூன்றையும் நன்றாகக் கற்றுத் தேர்ந்த ஒருத்தி, அந்த மூன்றாலும் தன் பாட்டியைப் பற்றி ஒரு வரி எழுத முடியாது என்று கண்டுகொண்டாள். நாயக்கர் வீட்டுத் தொழுவத்தில் வேலை பார்த்து மிச்சச் சோற்றை வாங்கி வருகிற பாட்டிக்கு அந்தத் தமிழ்களில் இடமே இல்லை. அந்தத் தமிழ்கள் பாட்டியை ஒன்று 'பாவி' என்று கூப்பிடும், இல்லாவிட்டால் 'எளியவள்' என்று கூப்பிடும். பாட்டி தன்னை எப்படிக் கூப்பிடுவாளோ அப்படிக் கூப்பிட வேண்டுமென்றால் எழுத்தையே புதிதாகப் படிக்க வேண்டியிருந்தது. தாய்மொழி எழுத்தறிவு என்பதை முப்பத்து நாலு வயசில் அவரே தனக்கு நடத்திக்கொண்ட வகுப்புதான் 'கருக்கு'.

தலைப்பையும் பாருங்கள். இருபுறமும் கருக்கு உள்ள பட்டயம் என்று எபிரேயர் நிருபத்தில் வருவதை முன்னுரையில் அவரே சொல்லிவிடுகிறார். விறகு பொறுக்கப் போகிற இடத்தில் கையைக் கிழிக்கிற பனங்கருக்கையும் சொல்கிறார். இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. நூற்றாண்டுக் கணக்காகத் தமிழை எழுதினது பனையோலையில். குருத்தோலையை நறுக்கிப் பதப்படுத்திப் படித்தவன் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். மிஞ்சினது மட்டை, இருபக்கமும் ரம்பம் மாதிரிக் கருக்கோடு. அது விறகு பொறுக்குகிறவளுக்கு. ஒரே மரத்தில் எழுத்து அங்கே போனது, கீறல் இங்கே வந்தது. அந்த மட்டையின் பெயரைத்தான் புத்தகத்துக்கு வைத்தார்.

1994இல் வந்த 'சங்கதி'யில் இந்த விசயம் இன்னும் கூர்மையாகிறது. 'கருக்கு' எழுத்து கற்ற ஒருத்தியின் கதை. 'சங்கதி' எழுத்து கல்லாத ஒரு கூட்டத்தின் பேச்சு. தீப்பெட்டி ஆபீசுக்கு ஓடுகிற சின்னப் பெண் மைக்கண்ணி வருகிறாள். சிவகாசி வட்டாரத்தில் நம்ம பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூட வயசைத் தின்றது எது என்று அவள் ஒருத்தியே சொல்லிவிடுகிறாள். விறகுக்குப் போன இடத்தில் நிலக்காரன் கையைப் பிடித்திழுக்க, தப்பி ஓடி வந்த மாரியம்மா மேலேயே பழி திரும்புகிறது. பஞ்சாயத்தில் ஆம்பளைகள் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறார்கள், வாயைத் திறந்த பெண்களை அதட்டி உட்காரவைக்கிறார்கள். மாரியம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்திருந்தால் அன்றைக்கு என்ன மாறியிருக்கும்? எழுத்தறிவே விடுதலை என்று சுவரில் எழுதுகிறவர்கள் இந்தப் பஞ்சாயத்தை ஒரு முறை வாசித்துவிட்டுப் பிரஷ்ஷை எடுக்கலாம். அந்தத் திண்ணையில் அவளுக்கு எழுத்து குறையவில்லை, வாய் இருந்தது, அதைத் திறக்க விடவில்லை. திறக்க விடாதவன் நம்ம ஆள்.

அப்புறம் ராக்கம்மா. புருசன் அடிக்கிறான். அவள் தெருவுக்கு வந்து நின்று வாயை விடுகிறாள். அந்த வசவில் உடம்பும் இருக்கும், சிரிப்பும் இருக்கும், அழுகையும் இருக்கும். கடைசியில் அவன்தான் இடத்தைவிட்டு நகர்கிறான். மதம் நடத்துகிற வகுப்புக்கு ராக்கம்மா போனால் முதல் நாளே அவளுக்குச் சொல்லப்படுவது 'நாக்கை அடக்கு' என்பதாகத்தான் இருக்கும். அவளிடம் இருக்கிற ஒரே ஆயுதத்தை வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே அ, ஆ கொடுப்பார்கள். இது சேரிப் பெண்களைத் திருத்துகிற வகுப்பு. திருத்துவதும் படிப்பிப்பதும் ஒன்று என்று நினைத்ததில்தான் நல்ல மனசுக்காரர்கள் பலரும் வழுக்கி விழுந்திருக்கிறார்கள், கிறிஸ்தவர்கள் மட்டுமில்லை.

கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடலாம். 1991 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டுப் பெண்களில் எழுத்தறிந்தவர்கள் 51.33 விழுக்காடு, பட்டியல் சாதிப் பெண்களில் 34.89. 'கருக்கு' எழுதப்பட்ட காலம் இது. மூன்றில் இரண்டு பங்குப் பெண்களால் தங்களைப் பற்றிய புத்தகத்தை வாசிக்க முடியாத காலம். 2011இல் அது சுமார் 65 ஆயிற்று. ஆனால் இந்த 34.89க்குள் பாமாவின் அம்மா வயசுப் புதுப்பட்டிக் கத்தோலிக்கப் பெண்கள் வரவே மாட்டார்கள். 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரானவர் பட்டியல் சாதி இல்லை. அதனால் அவர்கள் கிறிஸ்தவர் என்ற மொத்தத் தொகைக்குள் போய், தலைமுறை தலைமுறையாகப் படித்த குடும்பங்களோடு கலந்து மறைந்துபோகிறார்கள். சபைக்குள் தனிக் கல்லறை, தனி வரிசை என்று பிரித்து வைக்கத் தெரிந்தது. எத்தனை பேருக்கு எழுத்து தெரியவில்லை என்று எண்ணும்போது மட்டும் எல்லோரும் ஒரே மந்தை. மதம் தந்த எழுத்து எவ்வளவு என்று பெருமை பேசுகிறவர்களும் பழி பேசுகிறவர்களும் இந்த இருட்டில் நின்றுகொண்டுதான் பேசுகிறார்கள்.

அறிவொளி இயக்கத்தை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்ப்பது உதவும். 1991இல் புதுக்கோட்டையில் தொடங்கிய அறிவொளி மதத்தின் பேரால் நடந்ததில்லை. அரசாங்கமும் அறிவியல் இயக்கத் தோழர்களும் சேர்ந்து நடத்தினது. கல்குவாரிப் பெண்கள் படித்தார்கள், ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டிப் படித்தார்கள், தெருவில் பாடினார்கள். அதிகாரி மாறி, நிதி வற்றிய பிறகு பல ஊர்களில் கற்ற எழுத்தும் மங்கிப்போனது. சபைக்கு இருக்கிற ஒரு பலம் அங்கே இல்லை: வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை வருகிறது, பாட்டுப் புத்தகத்தைத் திறக்க வேண்டியிருக்கிறது. அறிவொளிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் போய்விட்டது. இதை மதச்சார்பற்ற தோழர்கள் ஒத்துக்கொள்ளத் தயங்குவார்கள். ஆனால் சைக்கிளில் ஏறிய பெண்ணின் முகத்தை எந்த ஞானோபதேச வகுப்பும் பார்த்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பாவ்லோ ஃப்ரெயிரே கிறிஸ்தவர்தான். 1963இல் பிரேசிலின் அங்கிகோஸ் என்ற சிற்றூரில் முன்னூறு உழைப்பாளிகளுக்கு நாற்பது மணி நேரத்தில் எழுத்துக் கற்பித்தார். அடுத்த வருசம் ராணுவ ஆட்சி வந்ததும் சிறையில் போட்டார்கள். அவர் முறையில் மக்கள் வாயில் புழங்குகிற சொல்தான் முதல் பாடம். கட்டட வேலைக்காரர்களிடம் 'செங்கல்' என்ற சொல்லில் ஆரம்பித்தார்கள். செங்கல்லை எழுத்தாகப் பிரிப்பதற்கு முன்னால் அதை யார் சுமக்கிறார், அந்த வீட்டில் யார் குடியிருக்கிறார் என்று பேச்சு நடந்தது. நம்ம பக்கம் சேசு சபையினரின் சமூக மையங்கள் இவரை நிறைய வாசித்தன. 'கருக்'கையும் 'சங்கதி'யையும் வெளியிட்டதே மதுரையில் அவர்கள் நடத்திய ஐடியாஸ் மையம்தான். இதை வைத்துக்கொண்டு 'பார்த்தீர்களா, பாமாவைக் கொடுத்ததும் திருச்சபைதான்' என்று ஒரு வாதம் வருகிறது. திருச்சபையின் ஒரு மூலையில் உட்கார்ந்து அதன் நடுவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த சில பேர் அச்சடித்துக் கொடுத்தார்கள் என்பது உண்மை, அவர்களுக்கு நன்றி. ஆனால் அவர் அதை எழுத, மடத்துக்குள் இருந்து முடியவில்லை. வெளியே வந்து, வேலையும் இல்லாமல், ஊரும் முழுசாக ஏற்காமல் நின்ற நிலையில்தான் எழுதினார். மடம் தந்த தமிழை உதறியபோதுதான் எழுத்து வந்தது. தந்தவனுக்கு எதிராக எழுதியதற்கும் தந்தவனே உரிமை கொண்டாடுவது நமக்குப் புதுசில்லை. பண்ணையார்களும் அப்படித்தான் பேசுவார்கள், 'எங்க வீட்டுச் சோத்துல வளந்தவ.'

புத்தகம் வந்தபோது புதுப்பட்டியில் கோபம். ஊரையும் சாதியையும் கேவலப்படுத்திவிட்டாள், வீட்டுச் சமாச்சாரத்தைத் தெருவில் போட்டுவிட்டாள் என்று. சில மாதம் ஊருக்குள் போக முடியவில்லை என்று பாமாவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இந்தக் கோபத்தை அறியாமை என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதுவரை அந்தத் தெருவைப் பற்றி எழுதினதெல்லாம் நான் முன்னால் சொன்ன அந்த நோட்டுகள்தான். கடன் நோட்டு, பேரேடு, போலீஸ் எஃப்.ஐ.ஆர். எழுத்தில் ஏறினால் ஏதோ கெட்டது நடக்கும் என்பது அனுபவம். எழுத்து நம்ம பக்கமும் நிற்கும் என்று அவர்களுக்கு யார் எந்த வகுப்பில் காட்டியிருந்தார்கள்?

அதே புதுப்பட்டியிலிருந்து, அதே வீட்டிலிருந்து, பாமாவின் அண்ணன் ராஜ் கௌதமன் வந்தார். 2024இல் காலமான அவரது 'சிலுவைராஜ் சரித்திர'த்தை (2002) 'கருக்'குக்குப் பக்கத்தில் வைத்து வாசித்தால் ஒரு வித்தியாசம் உடனே தட்டுப்படும். சிலுவைராஜுக்குப் படிப்பு ஒரு கூத்து, கிண்டல், சாகசம். விடுதி, சாமியார், பரீட்சை எல்லாவற்றையும் நக்கலடித்துக்கொண்டே தாண்டிப் போகிறான். 'கருக்'கின் பெண்ணுக்கு அந்த நக்கல் வாய்க்கவில்லை. அவளுக்கு ஒவ்வொரு படியும் கெஞ்சல், கண்காணிப்பு, நன்றிக்கடன். ஒரே தெரு, ஒரே மதம், ஒரே வீடு, எழுத்து மட்டும் ஆணுக்கு ஒரு மாதிரியும் பெண்ணுக்கு ஒரு மாதிரியும் வந்திருக்கிறது. சேரிக்கு எழுத்து வந்தது என்று மொத்தமாகப் பேசுகிறவர்கள் இந்த இரண்டு புத்தகங்களுக்கு நடுவில் கிடக்கிற தூரத்தை அளக்க வேண்டும்.

பாமாவிடமும் எனக்கு ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. 'சங்கதி'யில் பாட்டிகளும் மதினிகளும் சித்திகளும் அவ்வளவு பேசுகிறார்கள். எழுதுகிறவள் ஒருத்திதான், படித்து வெளியே போய்த் திரும்பிய கதைசொல்லி. அவள் நியாயமாக நடந்துகொள்கிறாள். அவர்கள் சொல்லைத் திருத்தவில்லை, வசவை வடிகட்டவில்லை, சிரிப்பை மிச்சம் வைத்திருக்கிறாள். ஆனால் அந்தப் பெண்களில் ஒருத்திகூடக் கதைசொல்லியைப் பார்த்து 'எனக்கும் அந்தப் பேனாவக் குடு, நாங் கிறுக்கிப் பாக்குறேன்' என்று கேட்பதில்லை. கேட்கிற ஒருத்தியை அவர் கற்பனை பண்ணிச் சேர்த்திருக்கலாம், சேர்க்கவில்லை. அந்தத் தெருவில் அன்றைக்கு அப்படி யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.